கமென்ட்ரியைக் குறைத்து கூட்டத்தைக் கூட்டலாம்: நேரலை விளையாட்டில் புதிய ஒலிமுறை, தொடக்கநிலை விளக்கம்

கிரிக்கெட் நேரலை ஓடும் வீட்டில் இரண்டு குறைகள் ஒரே நேரத்தில் கேட்கும். "கூட்டம் கத்துற கத்தலில் கமென்ட்ரி ஒண்ணும் புரியல" என்பார் தாத்தா. "இவங்க பேசாம இருந்தா மைதானத்துச் சத்தத்தையாவது கேக்கலாம்" என்பான் பேரன். ரிமோட்டில் இருவருக்கும் இருப்பது ஒரே வால்யூம் பொத்தான். அது பேச்சையும் கூச்சலையும் சேர்த்தே ஏற்றும், சேர்த்தே இறக்கும்.

காரணம் எளிது. மைதானத்துக்கு வெளியே நிற்கும் ஓபி வேனில் (நேரலைத் தயாரிப்பு வண்டியில்) சவுண்ட் இன்ஜினியர் எல்லா மைக்குகளையும் கலந்து, முடிந்த மிக்ஸாக அனுப்பிவிடுகிறார். ஸ்டீரியோ என்றால் இரண்டு தடம், 5.1 என்றால் ஆறு தடம். எதுவானாலும் கலந்தது கலந்ததுதான். கட்டுச்சோற்றிலிருந்து புளியைத் தனியே எடுக்க முடியாது. புதிய முறை கலக்கும் வேலையைக் கடைசிக் கட்டத்துக்கு, அதாவது உங்கள் டிவிக்கோ போனுக்கோ தள்ளிவிடுகிறது. சாதம், குழம்பு, பொரியல் என்று எல்லாம் இலையில் தனித்தனியாக விழுகின்றன. எதை எவ்வளவு சேர்க்கலாம் என்ற குறிப்பும் கூடவே வருகிறது.

அப்படி வருபவை மூன்று. முதலாவது 'பெட்': கூட்டத்தின் ஆரவாரம், மைதானத்தின் பொதுவான சூழல், இவற்றின் அடித்தளம். இரண்டாவது 'ஆப்ஜெக்ட்': தமிழ் வர்ணனை, ஆங்கில வர்ணனை, ஸ்டம்ப் மைக், கார் பந்தயமென்றால் ஓட்டுநரின் ரேடியோ என்று தனியாகக் கையாள வேண்டிய ஒவ்வொரு ஒலியும். மூன்றாவது மெட்டாடேட்டா: இது பேச்சு, இது தமிழ், இதைப் பார்வையாளர் இவ்வளவு தூரம் ஏற்றலாம், இதை அணைக்கக் கூடாது என்று டிகோடருக்கு (வந்ததைப் பிரித்துப் படிக்கும் டிவி அல்லது போனின் பகுதிக்கு) சொல்லும் குறிப்பு. டிகோடர் மூன்றையும் வாங்கி, உங்கள் வீட்டில் இரண்டு ஸ்பீக்கரா பத்தா என்று பார்த்து, அங்கேயே மிக்ஸ் செய்கிறது.

இன்று ஒளிபரப்பில் இதற்குப் புழங்கும் முக்கிய வடிவங்கள் எம்பெக்-ஹெச் ஆடியோவும் டால்பி ஏசி-4-உம். தென் கொரியாவின் தரைவழி (ஆன்டெனாவில் வரும்) அதிதெளிவு யுஹெச்டி ஒளிபரப்பு 2017 மே மாதம் எம்பெக்-ஹெச்சுடன் தொடங்கியது. அமெரிக்காவின் புதிய தரைவழி டிவி முறையான ஏடிஎஸ்சி 3.0 ஒளிபரப்பில் ஏசி-4. பிரேசில் தன் அடுத்த தலைமுறைத் தரைவழி டிவிக்கு எம்பெக்-ஹெச்சைத் தேர்ந்தெடுத்திருக்கிறது.

இரண்டு வேறு வசதிகள்

புதிதாகப் படிப்பவர்கள் குழம்பும் இடம் இது. சூழொலி ஒன்று, விருப்பத்துக்கேற்ற ஒலி இன்னொன்று. ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும் என்பதில்லை.

சூழொலி என்றால் மைதானத்தின் நடுவே உட்கார்ந்திருப்பதுபோல் நான்கு பக்கமும் தலைக்கு மேலும் ஒலி வருவது. 5.1.4 என்று எழுதினால் காது மட்டத்தில் ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர், உயரத்தில் நான்கு ஸ்பீக்கர் என்று பொருள். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸின் உலக ஊட்டத்தை (எல்லா நாட்டுச் சேனல்களுக்கும் போகும் பொது ஒளிபரப்பை) ஒலிம்பிக் ஒளிபரப்புச் சேவை நிறுவனமான ஓபிஎஸ் 5.1.4 ஒலியோடுதான் தயாரித்தது.

விருப்பத்துக்கேற்ற ஒலி என்றால் வர்ணனையை ஏற்றுவது, இறக்குவது, மொழி மாற்றுவது, ஸ்டம்ப் மைக்கை மட்டும் தூக்கிவிடுவது. இதற்கு உயர ஸ்பீக்கர் எதுவும் வேண்டாம். டிவியின் சொந்த ஸ்பீக்கரே போதும். ஸ்ட்ரீமிங்கில் பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற வடிவம் வழியாக வரும் டால்பி அட்மாஸ் முதலாவதை, அதாவது சூழொலியைத் தருகிறது. வர்ணனையைத் தனியாக இறக்கும் வசதியைத் தருவதில்லை. எங்களைக் கேட்டால் பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டாவதுதான் பெரிய வரம். காது மந்தமானவருக்கு வர்ணனை மட்டும் 6 டெசிபெல் ஏறி வருவது, தலைக்கு மேல் நான்கு ஸ்பீக்கர் மாட்டுவதைவிடப் பலமடங்கு பயன் தரும்.

இந்த ஆசை புதிதல்ல. 2013-இல் வெம்ப்ளியில் நடந்த சாம்பியன்ஷிப் பிளே-ஆஃப் இறுதிப் போட்டியில் பிபிசி ஒரு சோதனை செய்தது: எந்த அணி ரசிகர்கள் பக்கம் உட்கார்ந்து கேட்க வேண்டும், வர்ணனைக்கும் கூட்டத்துக்கும் விகிதம் என்ன என்பதை இணையத்தில் கேட்பவரே நகர்த்தலாம். 2020-இல் கொரோனாவால் காலி மைதானங்களில் கால்பந்து நடந்தபோது ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் ஸ்கை நிறுவனங்கள் செயற்கைக் கூட்டச் சத்தத்தோடு ஒன்று, அது இல்லாமல் ஒன்று என இரண்டு தேர்வு கொடுத்தன. அங்கே பிரித்து அனுப்பவில்லை; முழு மிக்ஸ் இரண்டைத் தயாரித்தார்கள். தேர்வு கூடக் கூட இந்த வழி எங்கே போய் முட்டும் என்பதைக் கீழே மொழிக் கணக்கில் பார்க்கலாம்.

மைதானத்தில் மைக்குகள்

எல்லாம் தொடங்குவது மைக்கில்தான். துண்டுகளாக அனுப்ப வேண்டுமென்றால் ஒவ்வொரு துண்டும் சுத்தமாக இருக்க வேண்டும். மிக்ஸில் மறைந்துபோகும் அழுக்கெல்லாம் தனியாக நிற்கும்போது பல்லை இளிக்கும்.

சேப்பாக்கத்தில் ஒரு இரவு ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். இரு முனை ஸ்டம்புகளையும் ஒட்டி முனைக்கொரு மைக். எல்லைக்கோட்டைச் சுற்றி மைதானத்தை நோக்கிய, ஒரே திசையைக் கூர்ந்து பிடிக்கும் ஷாட்கன் மைக்குகள். கேலரிகளை நோக்கிக் கூட்டத்துக்குத் தனி மைக்குகள். கூரை விளிம்பில் உயரத் தடங்களுக்கான மைக்குகள். வர்ணனையாளர்களுக்கு ஹெட்செட். கடல் காற்று அடிக்கும் இடமென்பதால் எல்லைக்கோட்டு மைக்குக்கு ஃபோம் மட்டும் போதாது. அதன் மேல் ரோம உறை வேண்டும், மிக்ஸரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் லோ-கட்டும் வேண்டும். காற்றின் குமுறல் சப்வூஃபருக்குள் போய்விட்டால் வீட்டில் இடி இடிக்கும்.

இங்கே எப்போதும் காலை வாருவது தூரம். ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர்தான் ஓடும். பேட்ஸ்மேன் நிற்கும் பாப்பிங் கிரீஸிலிருந்து ஸ்டம்ப் 4 அடி. அடித்த சத்தம் அந்த மைக்குக்கு 4 மில்லிநொடிக்குள் போய்விடும். எதிர்முனை ஸ்டம்ப் மைக்குக்கு 19 மீட்டர், ஏறக்குறைய 55 மில்லிநொடி. 70 மீட்டர் தள்ளியிருக்கும் எல்லைக்கோட்டு மைக்குக்கு 200 மில்லிநொடி. நொடிக்கு 50 ஃபிரேம் ஓடும் படத்தில் அது 10 ஃபிரேம். மூன்று மைக்கையும் ஒரே அளவில் திறந்து வைத்தால் ஒரே அடி 'டக்' என்று விழுந்து, பின்னால் இரண்டு முறை எதிரொலிக்கும். இருபது ஓவர் ஆட்டத்தில் கூட்டச் சத்தம் இதை மூடிவிடும். கேலரி பாதி காலியாக இருக்கும் டெஸ்ட் ஆட்டத்தின் காலை நேரத்தில் நன்றாகவே காட்டிக்கொடுக்கும்.

ஸ்டம்ப் மைக்கைத் தாமதப்படுத்தி மற்றவற்றோடு சேர்த்துவிடலாமே என்று தோன்றும். கூடாது. அப்போது அடி படத்தைவிடப் பின்தங்கும். ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தின் ஆர்37 பரிந்துரைப்படி ஒலி படத்தைவிட 40 மில்லிநொடிக்கு மேல் முந்தக் கூடாது, 60 மில்லிநொடிக்கு மேல் பிந்தக் கூடாது. சரியான வழி கையால் ஃபேடரை (ஒலியளவை ஏற்றி இறக்கும் தள்ளுகட்டையை) ஓட்டுவதுதான்: பந்து வீசும்போது அடிக்கும் முனை ஸ்டம்ப் மைக் மேலே, மற்றவை கீழே, பந்து எல்லைக்கு ஓடும்போது அந்தப் பக்கத்து ஷாட்கன் மட்டும் மேலே. கால்பந்தில் கோட்டைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு மைக்குகள் இருக்கும். பந்து இருக்கும் இடத்துக்கு அருகிலுள்ள மைக்கை மட்டும் தொடர்ந்து திறப்பது பெரிய கைவேலை. பந்தின் இடத்தைக் கண்காணிப்புத் தரவிலிருந்து எடுத்துக்கொண்டு அதைத் தானாகச் செய்யும் லாவோ நிறுவனத்தின் 'கிக்' போன்ற மென்பொருள்கள் வந்துவிட்டன.

பெட்டைச் சுழற்றாதீர்கள்

சூழொலி என்றதும் கேமரா திரும்பும் பக்கமெல்லாம் ஒலியும் திரும்ப வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நேரலையில் அதைச் செய்தால் தலை சுற்றும். கேமரா ஒரு நிமிடத்தில் பலமுறை மாறும். கூட்டம் ஒவ்வொரு வெட்டுக்கும் இடமிருந்து வலம் பாய்ந்தால் யாராலும் கேட்க முடியாது. கால்பந்தில் முதன்மைக் கேமரா ஒரே பக்கத்தில் இருப்பதால் அதன் பார்வையை அடிப்படையாக வைத்து இடம் வலம் தீர்மானிக்கலாம். கிரிக்கெட்டில் சிக்கல் கூடுதல்: பந்து வீசும் முனை ஓவருக்கு ஓவர் மாறுவதால் முதன்மைக் கேமராவும் எதிர்ப்பக்கத்துக்குத் தாவும். படத்தின் இடம் வலமாகிவிடும். அப்படியும் பெட்டை ஒரே திசையில் நிறுத்தி வைப்பதே நல்லது. பார்வையாளர் கேமராவோடு பறப்பதில்லை. கேலரியில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

உயரத் தடங்களில் என்ன போடுவது என்பதிலும் கட்டுப்பாடு வேண்டும். கூரைக்குக் கீழே தேங்கும் ஆரவாரம், மைதான ஒலிபெருக்கி அறிவிப்பு, வாணவேடிக்கை இவை பொருந்தும். வர்ணனையை அங்கே கொண்டுபோகவே கூடாது.

பதினாறு தடங்களுக்குள் அடக்குவது

ஓபி வேனிலிருந்து படமும் ஒலியும் ஒளிபரப்புத் துறையின் வழக்கமான எஸ்டிஐ கேபிளில் போகும்போது படத்தோடு 16 ஒலித்தடங்கள் சேர்ந்து போகலாம். நடைமுறையில் பங்கீடு இப்படி இருக்கும்: 1 முதல் 6 வரை 5.1 பெட், 7 முதல் 10 வரை உயரத் தடங்கள், 11 தமிழ் வர்ணனை, 12 இந்தி, 13 ஆங்கிலம், 14 ஸ்டம்ப் மைக், 15 பார்வையற்றோருக்கான விவரிப்பு. 16-ஆவது தடத்தில் ஒலி கிடையாது. எம்பெக்-ஹெச் முறையில் மெட்டாடேட்டா அங்கேதான் ஒலி அலை வடிவத்தில் பயணிக்கிறது. அதைக் கன்ட்ரோல் டிராக் என்கிறார்கள்.

பாதிப் பிரச்சினைகள் இந்தப் பதினாறாவது தடத்தில் பிறக்கின்றன. வழியில் எங்கோ ஒரு ஒலிச் சமன்படுத்தும் கருவி அதையும் பாட்டு என்று நினைத்து அமுக்கிவிடும். அல்லது இடையில் ஒரு இணைப்பு ஒலியை ஏஏசியில் சுருக்கி விரிக்கும். இரண்டிலும் மெட்டாடேட்டா சிதையும். ஒலியை ஒளிபரப்புக்குப் பொதியும் என்கோடருக்குத் தடம் 11 வர்ணனையா கூட்டமா என்பதே தெரியாது. அதனால் இரண்டு காப்பு வேண்டும். பாதை முழுக்க 16-ஆவது தடத்தில் எந்தச் செயலாக்கமும் இல்லை என்று ஆட்டத்துக்கு முன் சோதிப்பது ஒன்று. கன்ட்ரோல் டிராக் அறுந்தால் எந்த அமைப்புக்குத் திரும்ப வேண்டும் என்று என்கோடரில் முன்கூட்டியே பதிந்து வைப்பது மற்றொன்று. விளம்பர இடைவேளையிலும் கவனம் வேண்டும். விளம்பரம் பெரும்பாலும் ஸ்டீரியோ. தடம் 1, 2 மட்டுமே. அந்த நொடியில் மெட்டாடேட்டாவும் ஸ்டீரியோவுக்கு மாறாவிட்டால், வர்ணனை அறையில் மைக் மூடாமல் பேசிக்கொண்டிருப்பது விளம்பரத்தின் மேல் ஒலிக்கும்.

பார்வையாளருக்கு எவ்வளவு சுதந்திரம் என்பதையும் மெட்டாடேட்டாதான் சொல்கிறது. உதாரணமாக வர்ணனையை 9 டெசிபெல் வரை ஏற்றலாம், முழுக்க அணைக்கலாம். ஸ்டம்ப் மைக்கை 6 வரை ஏற்றலாம் என்று வரம்பு வைக்கலாம். பந்து ஆட்டத்தில் இல்லாத நேரத்திலும் ஸ்டம்ப் மைக் ஒலியை ஒளிபரப்பலாம் என்று ஐசிசி 2018-இல் விதியைத் தளர்த்தியது. வீரர்கள் பேசும் வார்த்தைகளும் அதோடு வீட்டுக்கு வரும். அதனால் அந்தத் தடத்தைப் பார்வையாளர் கையில் கொடுத்தாலும் முதல் ஃபேடர் வேனில் உள்ள இன்ஜினியரிடமே இருக்க வேண்டும்.

மெனுவுக்குள் போய் ஸ்லைடர் நகர்த்துபவர்கள் எப்போதும் சிலரே. ஆகவே தயார் நிலையில் மூன்று நான்கு தேர்வுகள் வேண்டும்: 'வழக்கமான ஒலி', 'தெளிவான வர்ணனை', 'மைதானம் மட்டும்'. முதல் தேர்வு நன்றாக இல்லையென்றால் மீதி எவ்வளவு நுட்பமாக இருந்தும் பயனில்லை.

வர்ணனை சுத்தமாக இல்லாவிட்டால்

வர்ணனை அறையின் கண்ணாடியைத் திறந்து வைத்துப் பேசுவது பல மைதானங்களில் வழக்கம். ஹெட்செட் மைக்கில் பேச்சோடு கூட்டமும் ஏறும். இப்போது தாத்தா வர்ணனையை 6 டெசிபெல் ஏற்றினால் அதற்குள் இருக்கும் கூட்டமும் 6 டெசிபெல் ஏறும். அவருக்குக் கிடைக்க வேண்டிய தெளிவில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும். பேரன் வர்ணனையை அணைத்தால் கூட்டத்தின் ஒரு பங்கும் சட்டென்று காணாமல் போகும். மூன்று வர்ணனையாளர்களின் மைக்கும் ஒன்றாகத் திறந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். பேசாதவரின் மைக்கை இறக்கி வைப்பது, உதட்டில் ஒட்டிப் பிடிக்கும் லிப் மைக், கண்ணாடியை மூடுவது இவை மருந்து. பேச்சு இல்லாதபோது மைக்கைத் தானாக மூடும் நாய்ஸ் கேட்டைக் கடுமையாக வைப்பது மருந்தல்ல. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கூட்டம் திறந்து திறந்து மூடும்.

இதன் மறுபக்கம் டக்கிங். வர்ணனையாளர் பேசும்போது கூட்டத்தைத் தானாக 4, 5 டெசிபெல் இறக்கி, பேச்சு நின்றதும் ஏற்றுவது பழைய பழக்கம். அதை பெட்டுக்குள்ளேயே செய்து அனுப்பினால், 'மைதானம் மட்டும்' தேர்ந்தெடுத்தவருக்குப் பேச்சே கேட்காது, ஆனால் கூட்டம் காரணமில்லாமல் மூச்சு வாங்குவதுபோல் ஏறி இறங்கும். பெட்டைத் தொடாமல் அனுப்பி, இறக்கும் அளவை வர்ணனை உள்ள தேர்வுகளுக்கான மெட்டாடேட்டாவில் மட்டும் எழுதுவதே முறை.

தொலைவிலிருந்து வரும் வர்ணனைக்குத் தாமதம் தனிப் பிரச்சினை. மைதானத்துப் படம் வேறு ஊர் ஸ்டுடியோவுக்குப் போய்ச் சேர அரை நொடி ஆகிறது என்றால் வர்ணனையாளர் அரை நொடி பிந்தித்தான் "அவுட்!" என்பார், அவர் குரல் திரும்பி வர மேலும் நேரமாகும். கூட்டம் கொண்டாடி முடித்த பிறகு வர்ணனை எழும். படத்தையும் பெட்டையும் அதே அளவு தாமதப்படுத்தி ஈடுகட்ட வேண்டும். மொழிக்கொரு ஸ்டுடியோ, ஸ்டுடியோவுக்கொரு தாமதம் என்றால் எல்லாவற்றையும் கடைசியாக வந்து சேரும் மொழிக்கு இணையாக நிறுத்த வேண்டும்.

மொழிக் கணக்கு

தமிழ் ரசிகர்களுக்கு இந்த நுட்பம் நேரடியாகப் பயன்படும் இடம் இது. ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் 2017-இல் தொடங்கியபோது தமிழ் வர்ணனைக்காகத் தனிச் சேனலே தேவைப்பட்டது. 2023 ஐபிஎல்லை ஜியோசினிமா 12 மொழிகளில் கொடுத்தது. 12 மொழிக்கும் முழுமையான 5.1.4 மிக்ஸ் செய்தால் 12 பெருக்கல் 10, மொத்தம் 120 தடம். ஒரே பெட்டும் 12 வர்ணனை ஆப்ஜெக்ட்டும் என்றால் 10 கூட்டல் 12, மொத்தம் 22 தடம். ஒளிபரப்பில் பயன்படும் எம்பெக்-ஹெச் மூன்றாம் நிலை ஒரே ஊட்டத்தில் 32 தடம் வரை ஏற்கும், ஒரே நேரத்தில் 16 தடத்தை டிகோட் செய்யும். கேட்பவருக்கு வேண்டியது 10 பெட், ஒரு வர்ணனை, ஒரு ஸ்டம்ப் மைக், 12 போதும். 22 தடம் ஒரு எஸ்டிஐயில் அடங்காது என்பது உண்மை. அதற்கு ஐபி (கணினி வலையமைப்பு) வழித் தயாரிப்பு வேண்டும், அல்லது மொழிகளை இன்னொரு பாதையில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பெட்டையும் முதல் இரண்டு மொழிகளையும் ஒளிபரப்பில் அனுப்பி, மீதி மொழிகளை இணையம் வழியாகக் கொடுக்கவும் இந்த வடிவத்தில் இடமுண்டு.

ஒலியளவு ஏன் குதிக்கக் கூடாது

ஐரோப்பாவில் நிகழ்ச்சியின் சராசரி ஒலியளவு மைனஸ் 23 எல்யுஎஃப்எஸ், அமெரிக்காவில் மைனஸ் 24 எல்கேஎஃப்எஸ் என்று வழிகாட்டு அளவு உண்டு (காதுக்குத் தோன்றும் ஒலியளவை அளக்கும் ஒரே அலகின் இரண்டு பெயர்கள் இவை). முழு மிக்ஸ் அந்த அளவில் இருக்கிறது. பார்வையாளர் வர்ணனையை அணைக்கிறார். மீதிக் கூட்டம் 8 அலகு கீழே போகிறது. அவர் வால்யூமை ஏற்றுகிறார். அடுத்து விளம்பரம் வந்து காதைக் கிழிக்கிறது. இதைத் தடுக்க ஒவ்வொரு தேர்வின் ஒலியளவையும் முன்பே அளந்து மெட்டாடேட்டாவில் எழுதி வைக்கிறார்கள். எந்தத் தேர்வானாலும் டிகோடர் அதே சராசரிக்குக் கொண்டுவந்துவிடும். ஸ்லைடரை நகர்த்தினாலும் ஈடுகட்டும். வேனில் இருப்பவர் எல்லாத் தேர்வுகளையும், அவற்றின் ஸ்டீரியோ வடிவத்தையும், கடைசியாக ஒரு சாதாரண டிவி ஸ்பீக்கரிலும் கேட்டுப் பார்த்த பிறகே ஆட்டத்தைத் தொடங்க வேண்டும்.

வீட்டில்

சவுண்ட்பார் வாங்கியும் ஒன்றும் மாறவில்லை என்பவர்கள் முதலில் டிவியின் ஒலி வெளியீட்டு அமைப்பைப் பாருங்கள். அது பிசிஎம் என்று இருந்தால் பல டிவிகள் ஸ்டீரியோவாகச் சுருக்கித்தான் சவுண்ட்பாருக்கு அனுப்பும். பாஸ்-த்ரூ அல்லது ஆட்டோவுக்கு மாற்றுங்கள். கேபிள், டிவியில் ஏஆர்சி அல்லது இஏஆர்சி என்று எழுதிய ஹெச்டிஎம்ஐ துளையில்தான் இருக்க வேண்டும். ஆப்டிகல் கேபிளில் அட்மாஸ் வராது.

மேல்நோக்கி ஒலி வீசும் சவுண்ட்பார்கள் கூரையில் மோதித் திரும்புவதை நம்பி வேலை செய்கின்றன. தட்டையான, கடினமான கூரை வேண்டும், 7.5 முதல் 12 அடி உயரம் ஏற்றது என்பது டால்பியின் வழிகாட்டல். கான்கிரீட் கூரை நன்றாக வேலை செய்யும். சரிந்த ஓட்டுக் கூரையில் ஒலி வேறெங்கோ திரும்பும்; ஒலியை உறிஞ்சும் பலகை போட்ட ஃபால்ஸ் சீலிங்கில் திரும்பவே திரும்பாது. அப்படிப்பட்ட வீட்டில் அந்தக் காசுக்கு நல்ல ஹெட்போன் வாங்கலாம். இரு காதுகளுக்கும் ஒலி வந்துசேரும் நேர, அளவு வேறுபாட்டைக் கணக்கிட்டுத் தரும் பைனாரல் முறையில் இரண்டு காதுக்குள்ளேயே 5.1.4 பெட்டின் முன் பின் மேல் உணர்வு ஓரளவு கிடைக்கும். போனில் பார்ப்பவர்களுக்கு இதுவே மலிவான வழி. போனின் ஒலி அமைப்பில் டால்பி அல்லது ஸ்பேஷியல் ஆடியோவும், ஆப்பில் வேறொரு சரவுண்ட் விளைவும் சேர்ந்து ஓடினால் வர்ணனை கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் குழறும். இரண்டில் ஒன்றை அணையுங்கள்.